ரிசப்ஷனில் ஸ்லோ டான்ஸ்: எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுதான் முதல் பாடம்

கேள்வி: இன்னும் 3 வாரத்தில் எங்கள் கல்யாணம். முந்தைய நாள் மாலை ரிசப்ஷனில் நானும் அவரும் ஒரு பாட்டுக்கு ஸ்லோ டான்ஸ் ஆட ஆசைப்படுகிறோம். இருவருக்கும் நடனம் தெரியாது. அவர் என்னைவிட ஏறக்குறைய ஒரு அடி உயரம். நான் பட்டுப் புடவையில் இருப்பேன். காலை மிதித்துக்கொள்ளாமல், பெரியவர்கள் முன்னால் கூச்சப்படாமல் ஆட முடியுமா? கிளாஸ் போக நேரமில்லை.

பதில்:

முடியும். 3 வாரம் தாராளம். ஆனால் வீடியோ பார்த்து ஸ்டெப் கற்றுக்கொள்வதில் தொடங்காதீர்கள். ஸ்லோ டான்ஸில் ஸ்டெப் மிகக் குறைவு. ஒரே மாலையில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடலாம். அப்படியும் புதிதாக ஆடும் ஜோடிகள் தடுமாறுவதற்குக் காரணம், தன் உடம்பின் எடை இந்த நொடியில் எந்தக் காலில் இருக்கிறது என்பது தனக்கே தெரியாததுதான். தனக்குத் தெரியாதது துணைக்கு எப்படித் தெரியும்? அடுத்து எந்தக் கால் நகரும் என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் தப்பும்போது கால் மிதிபடுகிறது.

இப்போதே எழுந்து நின்று பாருங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. எடை முழுவதையும் இடது காலுக்குக் கொண்டுபோங்கள். பிறகு வலது குதிகாலைத் தரையிலிருந்து எடுங்கள். உடம்பு அசையாமல் குதிகால் எழுந்தால் எடை முழுதாக மாறிவிட்டது. குதிகாலை எடுக்கும் கணத்தில் இடுப்பு லேசாக இடப்பக்கம் நகர்ந்து சரிசெய்துகொண்டால், அதுவரை பாதி எடை வலது காலிலேயே தங்கியிருந்தது என்று பொருள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சாமி கும்பிடும்போதும் நாம் இரண்டு காலிலும் பாதிப் பாதியாகத்தான் நிற்கிறோம். ஆடும்போது மட்டும் அது கூடாது. எப்போதும் ஒரு கால் சுமக்க வேண்டும், இன்னொரு கால் காலியாக இருக்க வேண்டும். பல் தேய்க்கும்போது, தோசை வார்க்கும்போது, போன் பேசும்போது இதைத் தனியாகவே பழகலாம். முதல் 4 நாள் இது மட்டும் போதும்.

பிறகு இருவரும் சேர்ந்து. எதிரெதிரே நின்று ஒருவர் முழங்கைக்குக் கீழே இன்னொருவர் கையை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டாம். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் பாதத்தை நகர்த்தாமல் எடையை மட்டும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்றட்டும். அவர் இடது காலில் இறங்கினால் உங்கள் எடை தானாக வலது காலுக்கு வரும். வந்ததும் "வலது" என்று சொல்லுங்கள். பத்துக்குப் பத்தும் சரியாக வரும்வரை செய்யுங்கள். அடுத்து, அவர் கண்ணை மூடட்டும், நீங்கள் மாற்றுங்கள். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் டாங்கோ என்ற ஜோடி நடனம் ஆடுபவர்களும் பாட்டு தொடங்கியதும் உடனே நடக்க மாட்டார்கள். அணைத்து நின்றபடி ஓரிரு தடவை எடையை மாற்றிப் பார்த்து, துணை எந்தக் காலில் நிற்கிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே முதல் அடி வைப்பார்கள். பல வருடம் ஆடியவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால், 3 வாரக்காரர்கள் அதைத் தவிர்ப்பதற்கு நியாயமே இல்லை.

இனி பிடிப்பு. படங்களில் பார்ப்பது போல அவர் இரண்டு கையாலும் உங்கள் இடுப்பைப் பிடித்து, நீங்கள் இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆடுவதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இடுப்பு என்பது எப்படியும் அசையும் இடம். அங்கே வைத்த கைக்கு உங்கள் எடை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியாது. ஒரு அடி உயர வித்தியாசத்தில் நீங்கள் கழுத்தைக் கட்டினால் அவர் குனிவார், நீங்கள் எக்குவீர்கள்; இரண்டே நிமிடத்தில் அவர் பிடரியும் உங்கள் தோளும் வலிக்கும். கால்களும் நேருக்கு நேர் நின்று முட்டிக்கொள்ளும்.

இப்படிப் பிடியுங்கள். அவருடைய வலது கை உங்கள் இடது கைக்கு அடியில் சென்று, இடது தோள்பட்டை எலும்பின் மேல் தட்டையாகப் பதியட்டும். விரல்கள் சேர்ந்திருக்கட்டும். அது முதுகோடு சேர்ந்தே நகரும் இடம் என்பதால், உங்கள் எடை மாறுவது அவர் உள்ளங்கைக்கு உடனே தெரியும். உங்கள் இடது கை அவர் மேற்கையில், தோளுக்கு நாலு விரல் கீழே. தோள் மேலேயே வைக்க முயன்றால் உங்கள் தோள் காது வரை ஏறிவிடும், பிளவுஸ் அக்குளில் இழுக்கும். மறுபக்கம், அவர் இடது கையும் உங்கள் வலது கையும் உங்கள் தோள் உயரத்தில், உடம்புக்குப் பக்கமாகச் சேரட்டும். பழுத்த சப்போட்டாவை ஏந்துவது போன்ற பிடி போதும். கட்டைவிரலால் அழுத்தினால் பிறகு சுற்றும்போது மணிக்கட்டு திருகிக்கொள்ளும்.

இதிலேயே கூச்சத்துக்கும் பாதி வழி கிடைத்துவிடுகிறது. கை தோள்பட்டையில் இருக்கிறது, உடம்புகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் உறுத்தாது. இப்படி நெருங்கி ஆடுவது ஐரோப்பாவிலும் எளிதாக ஏற்கப்படவில்லை. 1816 ஜூலையில் லண்டனில் இளவரசர் ஏற்பாடு செய்த நடன விருந்தில் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் இடம்பெற்றதற்கு, தி டைம்ஸ் பத்திரிகை அதை ஆபாசம் என்று கண்டித்துத் தலையங்கம் எழுதி, பெண்ணைப் பெற்றவர்களை எச்சரித்தது. ஆகவே உங்களுக்குக் கூச்சமாக இருப்பதில் விந்தை எதுவும் இல்லை. ஒரு சாணா, அரைச் சாணா, ஒட்டியா என்பதை நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அன்று மேடையில் ஒருவர் மட்டும் திடீரென்று இழுத்து அணைப்பதுதான் இன்னொருவரை மரக்கட்டையாக்கும்.

கால் மிதிபடாமல் இருக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு, பலருக்கு இது யாரும் சொல்லாததால் தெரிவதில்லை. நேருக்கு நேர் நிற்காதீர்கள். இருவரும் தத்தம் இடப்பக்கம் அரைப் பாதம் நகர்ந்து நில்லுங்கள். இப்போது உங்கள் வலது கால் நுனி அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும். அவருடைய வலது கால் நுனி உங்கள் பாதங்களின் நடுவைப் பார்க்கும். நாலு பாதமும் நாலு தனித் தண்டவாளத்தில் ஓடுவது போல. இனி ஒருவர் முன்னால் அடி வைத்தாலும் இன்னொருவர் பாதத்தின் மேல் விழாது. தலை சாய்ப்பதற்கும் இதுவே வசதி: உங்கள் நெற்றி அவர் மார்பின் வலப்பக்கத்தில் இயல்பாக வந்து சேரும். (நெற்றிக் குங்குமமும் ஃபவுண்டேஷனும் வெளிர் நிற ஷெர்வானியில் அப்பிக்கொள்ளும். சாய்வதாக இருந்தால் கடைசிப் பல்லவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

அவர் உயரத்தைக் குறைக்கக் கழுத்தை வளைக்கக் கூடாது. முழங்கால் இரண்டும் பூட்டாமல் தளர்ந்திருந்தால் போதும். தலை சுமார் 5 கிலோ. கீழே காலைப் பார்க்கத் தலையைக் கவிழ்த்தால் அந்த எடை முழுவதும் முன்னால் சாய்ந்து, துணையைப் பின்னால் தள்ளும். காலைப் பார்க்காதே என்று சொல்வது அழகுக்காக மட்டுமல்ல. பார்வைக்கு இடம் வேண்டுமென்றால் நீங்கள் அவர் கன்னத்தையோ காதோரத்தையோ பாருங்கள். பாட்டு முழுக்கக் கண்ணுக்குள் கண் பார்த்துக்கொண்டே ஆட யாராலும் முடியாது, சிரிப்பு வந்துவிடும்.

முதல் அசைவு, பக்கவாட்டு ஆட்டம். மேடையில் முக்கால் நேரம் இதைத்தான் ஆடப்போகிறீர்கள். அவருக்கு: இடது கால் பக்கவாட்டில் ஒரு பாத நீளம் போகும், எடை அதன் மேல் ஏறும், வலது கால் வந்து பக்கத்தில் தொட்டு நிற்கும், எடை ஏறாது. பிறகு வலது கால் வலப்பக்கம் போகும், எடை ஏறும். இடது கால் வந்து தொடும். உங்களுக்கு இதன் கண்ணாடிப் பிம்பம், வலது காலில் ஆரம்பம். மொத்தம் நாலு எண்ணிக்கை. "தொடும்" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலில் தெரியாமல் எடையைப் போட்டுவிட்டால் அடுத்த அடிக்கு அந்தக் கால் காலியாக இருக்காது. நீங்கள் வேறு காலை எடுப்பீர்கள். இருவரும் எதிரெதிர் திசையில் போவீர்கள். பக்கவாட்டு ஆட்டம் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நின்ற இடத்திலேயே ஆடினால் ஹாலில் பாதிப் பேருக்கு ஒருவர் முதுகுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடஞ்சுழியாகத் திரும்புங்கள். கடிகார முகத்தில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கு திருப்பம் போதும். 16 அடியில் ஒரு முழுச் சுற்று வரும். நிமிடத்துக்கு 72 தாளத் தட்டு ஓடும் பாட்டில், இரண்டு தட்டுக்கு ஒரு அடி என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நொடி. வேகமாகச் சுற்ற முயலாதீர்கள். புடவை காலைச் சுற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, பெட்டி ஸ்டெப். தரையில் ஒரு சிறிய சதுரம் வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இடது கால் முன்னால், வலது கால் பக்கவாட்டில், இடது கால் வந்து சேரும். பிறகு வலது கால் பின்னால், இடது கால் பக்கவாட்டில், வலது கால் வந்து சேரும். நீங்கள் வலது காலைப் பின்னால் வைத்துத் தொடங்குவீர்கள், அவர் பின்னால் போகும்போது முன்னால் வருவீர்கள். இங்கே "சேரும்" என்றால் எடையும் ஏறும். பக்கவாட்டு ஆட்டத்தில் தொடும் கால் எடை வாங்காது, பெட்டியில் சேரும் கால் எடை வாங்கும். இரண்டையும் ஒரே நாளில் கற்றால் கட்டாயம் குழம்பும். முதல் வாரம் ஆட்டம், இரண்டாம் வாரம் பெட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தாளத்துக்கு நம் சொற்கட்டே போதும், ஒன்று இரண்டு மூன்று வேண்டாம். பாட்டைப் போட்டு "தகதிமி தகதிமி" என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் நாலு எண்ணிக்கைப் பாட்டு. ஒட்டாமல் "தகிட தகிட" ஒட்டினால் மூன்று எண்ணிக்கை, திஸ்ர நடை. நாலில் பெட்டி போடும்போது "தக" என்பதற்கு முதல் அடி வைத்து நில்லுங்கள். "தி"க்குப் பக்கவாட்டு அடி. "மி"க்குச் சேரும் அடி. மூன்றில் "த", "கி", "ட" மூன்றுக்கும் மூன்று அடி; அதுதான் வால்ட்ஸ். ஆனால் வால்ட்ஸ் போட்டிகளின் வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 தாள வட்டம், அதாவது 84 முதல் 90 தட்டு. பட்டுப் புடவையில் அந்த வேகத்துக்குத் தட்டுக்கு ஓர் அடி வைப்பது ஓட்டம் போலாகிவிடும். திஸ்ர நடைப் பாட்டென்றால் பெட்டியையே விட்டுவிட்டு, ஒவ்வொரு "தகிட"வுக்கும் ஒரு தடவை பக்கவாட்டில் எடை மாற்றுங்கள். அதுவே ஊஞ்சல் போல அழகாக இருக்கும்.

பாட்டு தேர்ந்தெடுக்கும்போது 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நாலு எண்ணிக்கைப் பாட்டில் 60க்கும் 80க்கும் நடுவே வந்தால் சரி. அதைவிட மெதுவாக இருந்தால் ஒரே காலில் நெடுநேரம் நின்று தள்ளாடுவீர்கள். இன்னொன்று: நம் சினிமாப் பாட்டுகளில் இடையிசை வரும்போது தாளவாத்தியம் நின்றுபோவதும், நடை மாறுவதும் சகஜம். முழுப் பாட்டையும் கைதட்டிக்கொண்டே ஒருமுறை கேளுங்கள். கை எங்கே தடுமாறுகிறதோ அங்கே காலும் தடுமாறும். நாலரை நிமிடப் பாட்டை முழுதாக ஆடாதீர்கள். பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி என்று வெட்டி, கடைசியில் ஒலியைக் கரையவிட்டால் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். வரிகளையும் கவனித்துக் கேளுங்கள். மெட்டு தேனாக இருக்கும், பாட்டோ பிரிவுத் துயரமாக இருக்கும்; ஹாலில் வரி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வெட்டிய பாட்டைப் பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பாகக் கொடுங்கள். போனிலிருந்து போடுவதென்றால் ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும்.

மூன்றாவதாக ஒரே ஒரு சுற்று, அதுவும் இடையிசையில் ஒரு தடவை. அவர் இடது கையை, உங்கள் வலது கையோடு, உங்கள் நெற்றிக்கு மேலே உயர்த்துவார். உயர்த்துவது அடுத்த தாள வட்டம் தொடங்குவதற்கு ஒரு தட்டு முன்னதாக நடக்க வேண்டும். தட்டு விழும்போது உயர்த்தினால் நீங்கள் கிளம்பவே தாமதமாகிவிடும். நீங்கள் அந்தக் கைக்கு அடியில் வலஞ்சுழியாக, நாலு சின்ன அடியில் நடந்து சுற்றி வாருங்கள். ஒரு காலில் நின்று பம்பரம் போலச் சுழல வேண்டாம். நாலு அடி, நாலு எடை மாற்றம்; நாலாவது அடியில் எடை உங்கள் இடது காலுக்கு வந்திருக்கும், வலது கால் காலியாக இருக்கும், அப்படியே ஆட்டத்தைத் தொடரலாம். அந்த நேரத்தில் அவர் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கட்டும். அவர் கை உங்கள் உச்சிக்கு மேலே சின்ன வட்டம் போட்டால் போதும். சாம்பாரைக் கிண்டுவது போலப் பெரிதாகச் சுற்றினால் உங்கள் தோள் இழுபடும். விரல்கள் தளர்ந்து, உங்கள் விரல் அவர் விரலுக்குள் வழுக்கிச் சுழல வேண்டும். பூவும் ஜடைபில்லையும் வைத்துப் பின்னிய ஜடை கனமாக இருக்கும், சுற்றும்போது வீசும். மெதுவாக நடந்து சுற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் பெண்ணைப் பின்னால் சாய்த்துத் தாங்கும் போஸ் வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். நகை, ஜடை, புடவை, புதுச் செருப்பு எல்லாம் சேர்ந்து உங்கள் எடை வழக்கமான எடையாக இருக்காது. அவர் முதுகு பிடித்துக்கொள்ளும். கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு விதி: அவர் கையை எடுத்தாலும் நீங்கள் விழக் கூடாது. அதாவது எடை உங்கள் ஒரு காலிலேயே இருக்க, அந்த முழங்காலை மடித்து, மார்பை மட்டும் பக்கவாட்டில் சாய்க்கிறீர்கள். அவர் எதிர்ப்பக்கம் அகலமாகக் கால் வைத்து முழங்காலை மடிக்கிறார். தாங்குவது போலத் தெரியும், உண்மையில் யாரும் யாரையும் சுமக்க மாட்டார்கள்.

புடவை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லித்தர வெளிநாட்டு வீடியோக்களுக்குத் தெரியாது. அவர் வலது கை வைக்கும் இடமும் முந்தானை தொங்கும் இடமும் ஒன்றே: உங்கள் இடது முதுகு. கை முந்தானைக்கு மேலே அழுத்தியிருக்கும்போது நீங்கள் ஒரு அடி விலகினால், தோளில் குத்திய ஊக்கு இழுபட்டுப் பட்டு கிழியும். பட்டு வழுக்குவதால் கையும் நிலைக்காது. மடிப்பு வைத்துக் குத்திய முந்தானையாக இருக்கட்டும். அவர் கை பக்கவாட்டிலிருந்து முந்தானைக்கு உள்ளே போய், பிளவுஸின் மேல் பதியட்டும். ஒற்றையாக விரித்துவிட்ட முந்தானையோடு ஆடவே முடியாது, கை மாட்டிக்கொள்ளும். பிளவுஸ் முதுகில் ஜர்தோசி வேலைப்பாடு கனமாக இருந்தால் அவர் கையைக் கீறும். முதுகுக் கயிற்றின் குஞ்சம் அவர் பிரேஸ்லெட்டிலும் வாட்சிலும் மாட்டும். ஆடுவதற்கு முன் வலது கையில் அணிந்திருப்பதை அவர் கழற்றட்டும். தையல்காரரிடம் கடைசி ட்ரையலில், இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அக்குளில் பிடித்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள்.

நகையில் நீள ஆரம் அவர் கோட்டுப் பொத்தானில் சிக்கும்; ஆடும்போது மட்டும் கழற்றி அம்மாவிடம் கொடுங்கள், அல்லது முந்தானை மடிப்புக்குள் ஊக்கால் நிறுத்துங்கள். ஒட்டியாணம் ஒரு சாண் இடைவெளியில் தொல்லை தராது, ஒட்டி ஆடினால் குத்தும். மேற்கையில் போடும் வங்கி அவர் கைமேல் உரசும். மாலையைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். இதழ் உதிர்ந்தால் கிரானைட் தரையில் வழுக்கும்.

பின்னால் அடி வைக்கும்போதுதான் புடவை காலடியில் மாட்டும். பெட்டி ஸ்டெப்பில் உங்கள் முதல் அடியே பின்னால் என்பதால் இதைப் பழகியே ஆக வேண்டும். காலைத் தூக்கி வைக்காதீர்கள். கட்டைவிரல் நுனி தரையை உரசியபடி பின்னால் போகட்டும், குதிகால் கடைசியாக இறங்கட்டும். அப்போது கால் துணியை மிதிக்காமல் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். அடியின் நீளம் அரைப் பாதத்துக்கு மேல் வேண்டாம். புடவை கட்டும்போதே ஆடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். விளிம்பு தரையிலிருந்து ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். புடவைக்குப் பதில் கேன்கேன் (விறைப்பான வலை உள்பாவாடை) வைத்த லெஹங்கா என்று மாறினால், பாவாடையே அவரைத் தள்ளி நிறுத்திவிடும். அப்போது பெட்டியும் வேண்டாம், கைகளை நீட்டிப் பிடித்துப் பக்கவாட்டு ஆட்டம் மட்டும் ஆடுங்கள்.

செருப்பில் பின்பட்டி கட்டாயம். ரப்பர் அடி வைத்த ஷூ திரும்பும்போது தரையைக் கவ்வும், பாதம் நின்றுவிட முழங்கால் மட்டும் திருகும். அவருக்குத் தோல் அடி ஷூ நல்லது. மேடையில் கார்ப்பெட் விரித்திருந்தால் எந்த ஷூவும் சுழலாது. அங்கே ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்துத்தான் திரும்ப வேண்டும். கார்ப்பெட்டின் ஓரம் எங்கே டேப் ஒட்டியிருக்கிறது, அடியில் பலகைகள் எங்கே சேர்கின்றன என்று மதியமே இருவரும் நடந்து பார்த்துவிடுங்கள். ஊசிக் குதிகால் அந்தச் சந்தில்தான் இறங்கும். காலடியில் மேகம் போலப் புகை விடுகிறோம் என்று சொல்வார்கள். உலர் பனிக்கட்டியை வெந்நீரில் போட்டு விடும் புகை அது. குளிர்ந்து கனமாக இருப்பதால் தரையோடு படரும், படம் அழகாக வரும். ஆனால் அந்த ஈரம் தரையில் படியும். வழவழப்பான டைல்ஸ் என்றால் நான் மறுத்துவிடுவேன். புஸ்வாணம் போல மேலே பொறி பறக்கும் இயந்திரம் வைத்தால், அதைப் புடவையிலிருந்து நன்றாகத் தள்ளி, நீங்கள் திரும்பும் வட்டத்துக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

பழகுவதற்கு 6 அடிக்கு 6 அடி இடம் போதும். மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு அதற்குள்ளேயே ஆடுங்கள். அன்றும் அதே அளவு இடம்தான் கிடைக்கும். வீடியோக்காரரிடமும் இந்த அளவைச் சொல்லி, கோட்டுக்கு உள்ளே வர வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தினம் 20 நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. கல்யாண வேலையில் தினமும் சந்திக்க முடியாவிட்டால், எடை மாற்றத்தைத் தனித்தனியே பழகிக்கொண்டு, வாரத்தில் மூன்று தடவை சேர்ந்து ஆடினாலும் சமாளிக்கலாம். மூன்றாம் வாரம் பழைய பட்டுப் புடவை ஒன்றைக் கட்டி, முந்தானை குத்தி, அதே செருப்போடு பாட்டை முழுதாக ஆடுங்கள். ஒரு தடவை போனில் எடுத்துப் பாருங்கள். கால் சரியா என்று தேடாதீர்கள். இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போகின்றனவா என்று பாருங்கள். போனால், கீழே எல்லாம் சரி.

யார் வழிநடத்துவது என்பதில் ஆண்தான் என்று கட்டாயம் இல்லை. தாளம் யாருக்கு நன்றாகப் பிடிபடுகிறதோ அவர் நடத்தட்டும். நடத்துவது கையால் தள்ளுவதல்ல. மார்பு முதலில் நகரும், கால் பின்னால் வரும். தொடர்பவர் முன்கூட்டியே ஊகித்துக் கிளம்பாமல், அந்த நகர்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். பழகும்போது "நீ தப்பு பண்ற" என்று ஆரம்பித்தால் அன்றைய பயிற்சி சண்டையில் முடியும். "எந்தக் கால்ல நிக்கறேன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லுங்கள். அதற்கு உடனே ஒரு வழி செய்ய முடியும்: ஆட்டத்தை நிறுத்தி, கண்ணை மூடி, எடையை மாற்றிப் பார்க்கலாம்.

அன்று மேடையில் தாளம் தவறினால் விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள். இருவரும் பாதத்தை நிறுத்துங்கள். பிடிப்பு அப்படியே இருக்கட்டும். அவர் தன் வலது காலில் எடையை இறக்கி நிற்கட்டும், உங்கள் எடை இடது காலுக்கு வரும். ஒரு மூச்சு. பல்லவியோ அடுத்த வட்டமோ தொடங்கும்போது அவர் இடது காலை எடுக்கட்டும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு நிதானமான நிறுத்தமாகத்தான் தெரியும். கால் மிதிபட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம், முகம் மாறிவிடும். பிடித்த கையை ஒருமுறை லேசாக அழுத்தினால் துணைக்குப் புரிந்துவிடும்.

பாட்டு கரையும்போது ஆட்டத்தை மட்டும் சின்னதாக்கிக்கொண்டே போங்கள்: ஒரு பாத நீளம், அரைப் பாதம், பிறகு வெறும் எடை மாற்றம், பிறகு நிற்பது. ஒலி முழுதாக அடங்கிய பின்னும் மூன்று நொடி பிடியை விடாதீர்கள்; நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும். விடும்போது அவர் முதலில் வலது கையை முந்தானைக்கு உள்ளிருந்து பக்கவாட்டில் வெளியே எடுக்கட்டும், அதன் பிறகு நீங்கள் விலகுங்கள். வரிசை மாறினால் ஊக்கு போய்விடும்.